செல்வமகள் கணக்கைத் தொடாமல் தார் பாலைவனம் போகலாம்

கேள்வி: திருவாரூரில் வசிக்கிறேன். மாதச் செலவுகள் போக 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் புகைப்படம் எடுப்பதில் அவ்வளவு ஆர்வம். அரையாண்டு விடுமுறையில் ஜோத்பூரில் கார் எடுத்து கீச்சன், ஜெய்சல்மேர், சாம் மணல்மேடு என்று ஒரு வாரம் சுற்ற ஆசை. பயணத்துக்கு 80,000, பழைய கேமராவை மாற்ற 75,000 ஆகும். செல்வமகள் கணக்கிலிருந்து எடுக்கலாமா, நகைக்கடன் வாங்கலாமா?

பதில்: செல்வமகள் கணக்கில் இப்போது எடுக்கவே முடியாது. மகள் பத்தாம் வகுப்பு தேறிய பிறகு அல்லது 18 வயதான பிறகுதான், அதுவும் படிப்புச் செலவுக்கு, பாதி வரை தருவார்கள். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும். பயணத்தைச் சேமித்தே முடித்துவிடலாம். கேமராவை மட்டும் இந்தப் பயணச் செலவிலிருந்து பிரித்துவிடுங்கள்.

மார்ச் முதல் வாரத்தில் வங்கியில் இரண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள்: மாதம் 5,000 வீதம் ஒன்று 6 மாதத்துக்கு, இன்னொன்று 9 மாதத்துக்கு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். டிக்கெட்டுக்கும் அறை முன்பணத்துக்கும் அக்டோபரில் ரொக்கம் வேண்டும். மொத்தத்தையும் டிசம்பரில் முதிரும் ஒரே ஆர்.டி.யில் போட்டால் அக்டோபரிலேயே அதை உடைத்து வட்டியை இழப்பீர்கள். முதல் ஆர்.டி. முடிந்ததும் அந்த 5,000-ஐச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். நவம்பர் வரை அசல் மட்டும் 90,000 சேரும். பயணச் செலவான 80,000 போக மிஞ்சும் 10,000 அவசரத்துக்கு.

மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்குப் போகும் ரயில் வாரம் ஒருமுறைதான். முதலில் அந்தத் தேதியைப் பிடித்துவிட்டு, பிறகு கார் நாட்களை முடிவு செய்யுங்கள்.

கீச்சனில் வந்திறங்கும் குர்ஜா கொக்குகளைப் படமெடுக்கத் தேவை புதுக் கேமரா அல்ல, தொலைவு லென்ஸ். அதை வாடகைக்கு எடுங்கள். ஊரிலேயே எடுத்தால் ரயிலில் கழியும் நாட்களுக்கும் வாடகை ஏறும். ஜோத்பூரில் கிடைக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். மணல்மேட்டில் லென்ஸ் மாற்ற வேண்டாம். சென்சாரில் தூசி படியும், ஜூம் வளையத்தில் மணல் சிக்கும். சாதாரண வாரண்டி இதை ஏற்காது. வாடகை லென்ஸ் என்றால் முன்பணமே போகலாம். கார்க் கண்ணாடிகளை ஏற்றி, ஏசி விசிறியை நிறுத்திவிட்டு, காருக்குள் மாற்றுங்கள். புதுக் கேமராவைத் தவணையில் வாங்கவும் அவசரப்பட வேண்டாம். 'வட்டியில்லா' தவணையிலும் செயலாக்கக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் உண்டு; ரொக்கத் தள்ளுபடியும் கைவிட்டுப் போகும்.

நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு, தினசரி கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் சுமார் 800 கி.மீ. ஓடும், லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் 105 ரூபாய் என்றால் 5,600 ரூபாய். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். மணலில் புதைந்த வண்டியை மீட்கும் செலவு பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான். மேட்டுக்கு உள்ளூர் ஜீப்பில் போங்கள்.

சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் மகளிடம் ஸ்டீயரிங்கைக் கொடுக்க வேண்டாம். சிறார் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு.