விசிட் வாரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ராணுவ நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் மகன் மேஜர். இப்போது லெபனானில், ஐ.நா. அமைதிப்படையின் இந்திய பட்டாலியனில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவன், போன வாரம் பேசவில்லை. நேற்று இரண்டு நிமிடம் பேசினான். “அப்பா, இந்த வாரம் முழுக்க விசிட். டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள், நடுவில் ஃபோர்ஸ் கமாண்டர், கடைசியில் மெடல் பரேட். எல்லாம் என் தலையில். சரியாகத் தூங்கி மூன்று நாளாகிறது” என்றான்.

எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம், பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைப்போம். குண்டு விழுகிற ஊரிலும் அதேதானா? அமைதி காக்கப் போன பிள்ளை சாப்பாட்டு மேசைக்கும் பூங்கொத்துக்கும் அலைவது வீண் இல்லையா? நீங்கள் அங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
விருதுநகர்

அன்புள்ள ஐயா,

விசிட் வாரத்தில் வீட்டோடு பேச இரண்டு நிமிடம் கிடைப்பதே பெரிது. அதை உங்கள் மகன் எங்கிருந்து பிடுங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதே முகாமில், வருகிறவர்களை அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் அதே பொறுப்பில் நானும் இருந்திருக்கிறேன்.

இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் பட்டாலியனுக்கு மேலே ஒரே வரிசை: பிரிகேட், டிவிஷன், கோர். லெபனானில் இருக்கும் பட்டாலியனுக்கு இரண்டு தலைமை. எங்கே ரோந்து போவது, எந்தச் சாவடியில் நிற்பது என்பதெல்லாம் ஐ.நா.வின் கட்டளை. நம் பட்டாலியன் இருப்பது கிழக்கு செக்டரில். அதற்கு ஒரு ஸ்பானிய பிரிகேடியர், அவருக்கு மேலே நக்கூரா தலைமையகத்தில் மொத்தப் படைக்கும் தலைவரான ஃபோர்ஸ் கமாண்டர். சம்பளம், ஒழுங்கு, பதவி உயர்வு எல்லாம் டெல்லி. ஆக, இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள். தூதர் வருவார். நாம் கொண்டுபோன வண்டியும் ஜெனரேட்டரும் ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.நா. ஆட்கள் வந்து எண்ணுவார்கள். ஓடாத வண்டிக்கு இந்தியாவுக்கு வரவேண்டிய பணம் பிடிக்கப்படும். லெபனான் ராணுவத்தின் உள்ளூர் கமாண்டர் வருவார், ஊராட்சித் தலைவர்கள் வருவார்கள். இது 1998-ல் இந்தியா அங்கே போன நாளிலிருந்து நடப்பது. என் காலத்தில் சுமார் 900 பேர் கொண்ட படை, வீட்டிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். கேட்பாரே இல்லாமல் கிடப்பதைவிட யாராவது வருவது நல்லது என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம்.

ஆனால் உங்கள் கேள்வி அதைவிடக் கூர்மையானது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்து உட்கார வைப்போம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வாரத்தைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி மாதம். ஹெர்மோன் மலை முழுக்க வெள்ளை. டெல்லியிலிருந்து ஒரு மூத்த ஜெனரலும் அவரோடு நான்கு பேரும் வருகிறார்கள் என்று பத்து நாள் முன்பே செய்தி. மினிட்-டு-மினிட் புரோகிராம் என்று ஒன்று போடுவோம். காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் எந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பார் என்பது வரை அதில் இருக்கும். லிட்டானி ஆற்றுக்குத் தெற்கே வெளிநாட்டவர் வர லெபனான் ராணுவத்தின் அனுமதி வேண்டும். அதை வாங்கி, வண்டி எண்களைக் கொடுத்து, பெய்ரூட் விமான நிலையத்தில் அதிகாலையில் நின்றேன். அங்கிருந்து கடலோரமாக சிடோன், பிறகு மலையேறி நபத்தியே, கர்தலி பாலத்தில் லிட்டானியைத் தாண்டி மர்ஜயூன். வழி நெடுக அவர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மறுநாள் சாண்ட் மாடல் முன்னால் பிரீஃபிங். மண்ணில் மலையும் பள்ளத்தாக்கும் செய்து, நீல நாடாவால் நீலக் கோட்டைக் காட்டியிருப்போம். 2000-ல் லெபனானிலிருந்து இஸ்ரேல் பின்வாங்கியதை உறுதிப்படுத்த ஐ.நா. குறித்த கோடு அது, சுமார் 120 கிலோமீட்டர். அன்றைக்கே ஃபோர்ஸ் கமாண்டரும் நக்கூராவிலிருந்து ஹெலிகாப்டரில் வரவேண்டும். மேகம் இறங்கிவிட்டது, ஹெலிகாப்டர் கிளம்பவில்லை, சாலை வழியாக வருகிறார் என்றார்கள். இரண்டரை மணி நேரம் எல்லாம் தள்ளிப்போனது. சமையல்கூடத்துக்கும் வாசலுக்கும் நான் எத்தனை தடவை ஓடினேனோ தெரியாது. சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதும் அங்கே லேசான விஷயம் இல்லை. மர்ஜயூனில் கிறிஸ்தவர்கள், கியாமில் ஷியாக்கள், ஷெபாவில் சுன்னிகள், ஹஸ்பையாவில் துரூஸ்கள். எல்லா ஊர்ப் பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்து உட்காருகிற இடம் அந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை, ஐயா. நம் முகாமின் சாப்பாட்டுக் கூடம் அதில் ஒன்று. ஒருவரை ஒரு நாற்காலி பின்னால் உட்கார வைத்தால் அடுத்த வாரம் அவர் ஊருக்குள் போகும் நம் ரோந்து வண்டிக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். சாப்பாட்டு மேசைக்கு அலைவது என்று நீங்கள் எழுதியதில் இதுவும் அடக்கம்.

மூன்றாம் நாள்தான் முக்கியம். புரோகிராமில் மலைச்சாவடிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். முந்தைய விசிட்டிலும் ஒதுக்கியிருந்தோம், ஆனால் அன்று பிரீஃபிங் நீண்டுவிட்டது, மதியச் சாப்பாட்டுக்கு விருந்தினர்கள் காத்திருந்தார்கள். சாவடியை வெட்டிவிடலாம் என்று முடிவெடுத்தது நான். வந்தவர் எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தச் சாவடியில் குளிர்காலத்தில் தண்ணீர் லாரி ஏற முடியாது. இருபது பேர் பனியை அள்ளி உருக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை எழுதியாகிவிட்டது, எந்த மேசையிலோ கிடந்தது. வந்த மனிதர் கண்ணால் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதைப் பார்க்கவிடாமல் செய்தவன் நான். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் இந்த முறை பரிசுப்பொருள் கொடுப்பதை வெட்டினேன், முகாமில் கொடுக்கும் தேநீரை வெட்டினேன், சாவடியைத் தொடவிடவில்லை. பாதி வழி வண்டி, மீதி நடை. ஜெனரலுக்கு முழங்கால் வலி, அது எனக்குப் பாதி ஏறிய பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஏறினார்.

மேலே நின்று பார்த்தால் கியாம் தெரியும். 2006 ஜூலை 25 அன்று அங்கே ஐ.நா. பார்வையாளர்களின் சாவடி இஸ்ரேலியத் தாக்குதலில் தகர்ந்து நான்கு பேர் இறந்தார்கள்: ஆஸ்திரியா, கனடா, சீனா, ஃபின்லாந்து நாடுகளைச் சேர்ந்தவர்கள், ஆயுதம் இல்லாதவர்கள். எந்த விருந்தினரையும் அந்த இடத்தைக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் கஃபர்ஷூபா சரிவு. சாண்ட் மாடலில் பளிச்சென்று தெரிந்த நீலக் கோடு அங்கே எங்கும் இல்லை. அங்கங்கே ஒரு நீலப் பீப்பாய், அவ்வளவுதான். இஸ்ரேலிய வேலி ஓடும் தடமும் கோடும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆடு வேலியைத்தான் பார்க்கும், கோட்டைப் பார்க்காது. ஆட்டுக்குப் பின்னால் ஒரு பையன் நாலடி எடுத்து வைத்தால் அது மீறல். அந்தப் பையன் பிடிபட்டால் இரண்டு பக்கமும் துப்பாக்கி உயரும். நம் கால்நடை மருத்துவர் அந்த ஊர்களில் ஆடுகளுக்கு மருந்து கொடுப்பது தர்மத்துக்காக மட்டும் அல்ல. ஆட்டுக்காரரோடு பழக்கம் இருந்தால் ‘இதற்கு மேல் போகாதே’ என்று நம் ஜவான் கைகாட்டும்போது அவர் நிற்பார். இதை நான் பிரீஃபிங்கில் சொன்னபோது ஜெனரல் தலையாட்டினார். அங்கே நின்று, ஒரு கிழவர் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்தபோது பத்து நிமிடம் பேசாமல் நின்றார்.

அப்புறம் தேநீர் வந்தது. குடித்துவிட்டு, சுவை வேறாக இருக்கிறதே என்றார். சாவடிப் பொறுப்பு ஹவில்தார் முகத்தைப் பார்த்தேன். எந்த விசிட்டிலும் ‘கோயி தக்லீஃப்?’ என்று கேட்பார்கள், ஏதாவது கஷ்டமா என்று. ‘நஹீ, சாப்’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். நீங்கள் சொன்ன, சொல்லிக்கொடுத்து வைத்த பதில் இதுதான். கம்பளமும் வெள்ளையடிப்பும் ஒரு பாவமும் செய்யாதவை. அந்த ‘நஹீ, சாப்’தான் ஆளைக் கொல்வது. முந்தின இரவே அந்த ஹவில்தாரிடம் ஃபோனில் சொல்லியிருந்தேன்: கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அதற்கு நான் பொறுப்பு என்று. அவர் விறைப்பாக நின்று, இது பனித் தண்ணீர் சாப், இரண்டு மாதமாக இதுதான் என்றார். எங்கள் சி.ஓ., அதாவது பட்டாலியன் தலைவரின் முகம் மாறியது. ஜெனரல் தன்னோடு வந்த ஒருவரைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரத்தில் சங்கிலி மாட்டிய டயரோடு சின்ன டாங்கர் ஒன்றும், உறையாத குழாயும் வந்தன.

நான்காம் நாள் மெடல் பரேட். 90 நாள் பணி முடித்தவர்களுக்கு ஐ.நா. பதக்கம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக நடந்தது. பஞ்சாபிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வந்த பையன்கள் நெஞ்சு நிமிர்ந்து நின்றதை வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

விசிட்டில் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய தப்பு ஒன்று உண்டு. ரோந்துப் பட்டியலில் கைவைக்க முடியாது, இரவும் பகலும் அது நடந்தே ஆகவேண்டும். ஆகவே அணிவகுப்புக்கும் அலங்காரத்துக்கும் வேண்டிய ஆட்கள் ஓய்வு நேரத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் எடுக்கப்படுவார்கள். அதிகாலை நாலு மணிக்கு ரோந்திலிருந்து திரும்பியவன் ஆறு மணிக்கு பூட்ஸ் பளபளக்க நிற்பான். அதிகாரியின் தூக்கம் போவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், அதற்குத்தான் அவருக்கு அந்தப் பதவி. ஜவானின் தூக்கம் வேறு. தூங்காதவன் அடுத்த நாள் அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறான். இரவு ரோந்து போனவன் மறுநாள் மதியம் வரை எந்த ரிஹர்சலிலும் நிற்கக்கூடாது என்று சுபேதார் மேஜரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வரிசை சிறியதாகத் தெரிகிறதே என்று ஒருவர் கேட்டார். சிறியதாகவே இருக்கட்டும் என்றார் சி.ஓ. அந்த வார்த்தைக்காக அவரை நான் என்றும் மதிப்பேன்.

உங்கள் மகன் இருக்கும் காலம் என் காலத்தைவிடக் கடினம். 2024 அக்டோபரில் நக்கூரா தலைமையகத்தின் மீதே சுட்டார்கள், அமைதிப்படையினர் காயப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு கவுன்சில் இந்தப் படையின் காலத்தைக் கடைசி முறையாக நீட்டித்து, 2026 டிசம்பர் 31-ல் பணியை முடிக்கச் சொல்லிவிட்டது. 1978 முதல் நின்ற படை கிளம்பும்போது எதை யாரிடம் ஒப்படைப்பது, கோட்டின் ஓரம் இருக்கும் ஊர்களை யார் பார்ப்பார்கள் என்று ஆயிரம் கேள்விகள். அதை முடிவு செய்கிறவர்கள் அந்த மலையில் ஒருமுறையாவது நிற்க வேண்டும். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறவர்களில் உங்கள் மகனும் ஒருவர். அதை வீண் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பேசும்போது விசிட் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள், நன்றாக நடந்தது என்றுதான் சொல்வார். மேலே சாவடிக்கு அழைத்துப்போனாயா, அங்கே இருந்த பையன்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியாது, அரை மணி நேரம் பேசுவார். சாப்பிட்டாரா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, நான் நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்த நாட்கள்தான் அதிகம்.

அன்புடன்