மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கதை சொன்னால் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வான். பாடப்புத்தகத்தையும் கடகடவென்று வாசிப்பான். ஆனால் சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஒன்று, இரண்டுதான். 'பம்பரம்' என்றால் 'பபரம்' என்று எழுதுகிறான். சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். மூன்று மொழி பாரமாக இருக்கிறது, மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். வாசிக்கவும் எழுதவும் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியாவாக இருக்குமோ?
– ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: வணக்கம்மா. 'கடகடவென்று வாசிப்பான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்றிரவு அதே பாடத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னய்யா?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அந்தச் சொல் அவனுக்குக் கிடைக்கிறது என்றால், அவன் வாசிக்கவில்லை. காதால் கேட்டதை ஒப்பிக்கிறான். நான் குறைநீக்கல் வகுப்பு எடுத்த காலத்தில் ஒரு பையன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, கண்ணில் படாத பக்கத்தை அழகாக 'வாசித்து'க்கொண்டே போனான். அதற்கு முந்தைய வருடம் அவன் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியவள் நான்தான். அது இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

அவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளையை யாராவது சோம்பேறி என்பார்களா? 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு வரும், எழுத்து மட்டும் வராது. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்றாராம் அவன் ஆசிரியர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

இப்போது தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால், வீட்டில் அந்த மொழி புழங்காதது காரணமாக இருக்கலாம். மூன்றிலும் ஓசை விழுந்து போகிறதா, இடம் மாறுகிறதா என்று பாருங்கள். 'பம்பரம்' 'பபரம்' ஆனதில் ஒரு மெய்யெழுத்து விழுந்திருக்கிறது. மலாயில் 'ibu' (அம்மா) என்பதை 'idu' என்று எழுதுவதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். ஏழு வயதில் பல பிள்ளைகள் எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். எழுத்தே இல்லாமல் வாயால் கேட்டுப் பாருங்கள்: "'மரம்' என்பதில் 'ம'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?" சொல்லை ஓசையாக உடைக்க முடியாமல் திணறுவதுதான் முக்கியமான அடையாளம். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஓசையைப் பிரித்து அறிவதில் இருக்கிறது. குடும்ப வழியாகவும் வரும். அப்பாவுக்கோ மாமாவுக்கோ சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

நம் தமிழிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்னும்போது காதில் முதலில் விழுவது 'க்', கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. 'கொ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் அங்கே நின்றுவிடுவார்கள். அதற்காகப் பள்ளியை மாற்றாதீர்கள். போகிற இடத்துக்கும் சிக்கல் கூடவே வரும்; பழகிய மொழிதான் கைவிட்டுப் போகும். இதை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு வகுப்பாசிரியரைப் பார்த்து, கல்வி அமைச்சின் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பித் தரச் சொல்லுங்கள். அது முடிவு அல்ல, வடிகட்டும் சல்லடைதான். உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். சமூக நல இலாகாவின் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. அட்டை என்றதும் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய உதவியை இழந்துவிடாதீர்கள்.

அதுவரை வீட்டில் அடிக்க வேண்டாம், பத்துத் தடவை எழுதவும் வைக்காதீர்கள். ஏடு தொடக்கிய அதே அரிசித் தட்டை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே எழுத்து. வாயால் ஓசையைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும், 15 நிமிடம் போதும். பழைய சொல்வதெழுதுதல் தாள்களில் அவன் செய்த பிழைகளை அழித்துத் திருத்தாமல், தேதி போட்டு அப்படியே எடுத்து வையுங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது அந்தப் பிழைகளைத்தான்.