லேண்டிங் கியர் காலில் துளை தவறிவிட்டால் காலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான்: சொந்தமாகக் கட்டும் விமானம். லேண்டிங் கியரின், அதாவது சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின், உருண்டையான எஃகுக் காலை மேலே ஒரு சாக்கெட்டுக்குள் செருகி, குறுக்கே ஒரே ஒரு 5/16 அங்குல போல்ட் போட வேண்டும். துளை கோணலாகிவிட்டது, போல்ட் ஆடுகிறது. சரிசெய்யலாமா, புதுக் கால் வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் சரிசெய்யலாம். எனக்கும் இதே துளையில்தான் தப்பு நடந்தது. முதல் வேலையாக டிரில்லைக் கீழே வையுங்கள். தவறிய துளையை அன்றைக்கே "கொஞ்சம் நேராக்கிவிடலாம்" என்று கை வைத்தால் மிச்சமிருக்கும் வழிகளும் அடைபட்டுவிடும். நான் அதைத்தான் செய்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகத் துளைத்தேன். நடுவில் அவை சுமார் 0.3 மி.மீ. தள்ளிச் சந்தித்தன. போல்ட் நுழையவில்லை. டிரில்லை இன்னும் இரண்டு முறை உள்ளே விட்டு எடுத்தேன். போல்ட் நுழைந்தது, ஆனால் 7.94 மி.மீ. (5/16 அங்குலம்) இருக்க வேண்டிய வாய் ஒரு பக்கமாக நீண்டு 8.25 ஆகிவிட்டது. போல்ட்டைப் போட்டு, காலின் கீழே சக்கரம் மாட்டும் அச்சின் முனையைப் பிடித்துத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம்.

அந்த ஆட்டம் ஏன் முக்கியம் என்றால், இந்த போல்ட்டின் வேலை காலைத் தொங்கவிடாமல் பிடிப்பது மட்டுமல்ல. பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் மேட்டில் ஏறும்போதும் கால் தன் அச்சில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்த ஒரு போல்ட்தான். போல்ட் வெட்டுப்பட்டுப் போய்விடும் என்ற பயம் வேண்டாம். சாதாரண ஏஎன்5 போல்ட் (5/16 அங்குல விமான போல்ட்), ஒரே தளத்தில் வெட்டினாலும், சுமார் 2,600 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கும். இங்கே போல்ட் இரண்டு தளங்களில் தாங்குகிறது. கவலைப்பட வேண்டியது இடைவெளியைப் பற்றித்தான். கால் 32 மி.மீ. விட்டம் என்றால், மேற்பரப்பில் 0.3 மி.மீ. ஆட்டம் ஒரு டிகிரிக்கு மேல் முறுக்கம் ஆகிறது. சக்கரம் பார்க்கும் திசையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மாறும். அப்புறம் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் போல்ட் துளையின் சுவரை அடித்து அடித்து இன்னும் பெரிதாக்கும். இது தானாகச் சரியாகாது, வளரத்தான் செய்யும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இறங்கும்போது காலில் வளைவு மிக அதிகமாக விழுவது, கால் சாக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில். அங்கிருந்து உள்ளே போகப் போக அது குறைந்து, மேல் முனையில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. உங்கள் துளை அந்த மேல் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் பெரிதாக்க இடம் இருக்கிறது. இதே தப்பு சாக்கெட்டின் வாய்க்குப் பக்கத்தில் நடந்திருந்தால், யோசிக்காமல் காலை மாற்றச் சொல்லியிருப்பேன். ஏனென்றால் துளையின் விளிம்பில் தகைவு, அதாவது உலோகத்துக்குள் விழும் விசையின் செறிவு, கூடும்: அகலமான தகட்டை இழுக்கும்போது அதிலிருக்கும் வட்டத் துளையின் விளிம்பில் அது 3 மடங்காகிறது. துளை எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சரி, வழிகள். ஒன்று, 1/64 அங்குலம் பருத்த தண்டுள்ள ஓவர்சைஸ் போல்ட். மரை பழைய அளவேதான். 7.94-ஐ 8.33 ஆக்க ரீமர் (துளையைச் சீவித் துல்லியமான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட வேண்டும். என் துளை 8.25, கணக்குப்படி போதும், ஆனால் மிச்சம் 0.08 மி.மீ. மட்டும். ரீமர் ஏற்கெனவே இருக்கும் துளையின் வழியே போகுமே தவிர, கோணலை நிமிர்த்தாது. அதை நம்பி இறங்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, மரையுள்ள டேப்பர் பின். ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவுள்ள பின்; இறுக்க இறுக்க உள்ளே ஏறி இடைவெளியே இல்லாமல் உட்காரும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அதுதான், ஆனால் அதற்கான டேப்பர் ரீமரைக் கடினமான எஃகில் பொறுமையாக ஓட்டத் தெரிய வேண்டும். மூன்றாவது, 3/8 அங்குலத்துக்குப் போவது. நான் அதைத் தேர்ந்தெடுத்தேன், அதுவும் வடிவமைப்பாளருக்கு அளவுகளையும் படங்களையும் அனுப்பி அவர் சம்மதித்த பிறகு. அவர் முதலில் கேட்டது துளையின் மையத்திலிருந்து காலின் முனை வரை எவ்வளவு என்பதைத்தான். போல்ட் விட்டத்தைப் போல 2 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது 19 மி.மீ. எனக்கு 22 இருந்தது. சாக்கெட் பக்கத்திலும் அதே கணக்கைப் பார்க்கச் சொன்னார்.

கையில் பிடித்துத் துளைக்கும் பேச்சே இந்த முறை இல்லை. தடித்த இரும்புக் கட்டையில் மில்லிங் மெஷினில் நேரான வழித்துளை போட்டு, காலைச் சாக்கெட்டுக்குள் இறுக்கி, சக்கரத்தின் திசையை இரண்டு முறை சரிபார்த்து, கட்டையைச் சாக்கெட்டின் மேல் கிளாம்ப் செய்தேன். முதலில் 1/64 குறைவான டிரில். பிறகு ரீமர்: மெதுவான வேகம், நிறைய கட்டிங் ஆயில், ஒருபோதும் பின்னோக்கிச் சுற்றாமல். பழைய நீள்வட்டத்தின் பளபளப்பு சுவரில் கொஞ்சமும் மிஞ்சவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நெருங்கிய அளவில் கடைந்த போல்ட் கையால் தள்ளினால் நுழையவில்லை, நைலான் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் போய் உட்கார்ந்தது. மரை துளைக்குள் வராதபடி நீளம் தேர்ந்தெடுங்கள். விளிம்புப் பிசிறை எடுத்து, லேசாகச் சரித்து, எமரித் தாளால் மழமழப்பாக்குங்கள். அங்கே விடும் கீறலில்தான் விரிசல் பிறக்கும்.

வெல்டிங் வைத்துத் துளையை அடைக்கலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலின் எஃகு வெப்பப் பதம் கொடுத்தது. சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். 7075 அலுமினியக் காலுக்கு வெல்டிங் அறவே ஆகாது. எபாக்சி பூசி நிரப்புவது துளையை மறைக்கும், சுமையைத் தாங்காது. சாக்கெட் 4130 என்ற கலப்பு எஃகுக் குழாய் என்றால் அதை வெல்டிங் செய்ய முடியும், ஆனால் அதற்கும் வடிவமைப்பாளரின் வரைபடமும் விமான வெல்டிங் தெரிந்தவரும் வேண்டும்.

கீழே அச்சைப் பிடிக்கும் துளைகள் தவறி, சக்கரம் உள்ளே வெளியே பார்த்தால் அது வேறு கதை. அங்கே மறுபடி துளைக்காமல் இடையில் சரிவான ஷிம் (மெல்லிய அண்டைத் தகடு) வைத்துத் திருத்துங்கள்.

செய்ததை எல்லாம் அளவுகளோடு பதிவேட்டில் எழுதினேன். முதல் 25 மணி நேரம் பறந்த பிறகு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். தண்டின் காட்மியம் பூச்சில் தேய்ந்த தடம் இல்லை, துளையின் வாயில் செம்பழுப்புத் தூள் இல்லை. நீங்களும் இந்த இரண்டையும் தேடுங்கள். தூள் தெரிந்தால் போல்ட் உள்ளே அசைகிறது என்று அர்த்தம், அதோடு பறக்காதீர்கள்.