மீட்டர் காட்டும் துகளும் காற்றில் இருக்கும் துகளும்

காற்றில் உள்ள தூசியை அளக்கும் சின்ன மீட்டரை வீட்டில் வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. ஆறு வருடமாக மொட்டை மாடியில் மூன்று மீட்டர்களை வைத்துத் தினமும் குறித்துவருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குச் சின்னதுமான துகள், பிஎம் 10 என்றால் 10 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தாம்பரத்திலிருந்து: சார், மார்கழி விடிகாலையில் பிஎம் 2.5 எண் 150-ஐத் தாண்டுகிறது. வெயில் ஏறியதும் 60. மீட்டர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. உங்கள் மீட்டர் துகளை எடை போடுவதில்லை. உள்ளே குட்டி ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலை வைத்து இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போடும். விடிகாலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும்போது உப்பும் சல்பேட்டும் உள்ள துகள்கள் தண்ணீரை இழுத்துப் பெருத்துவிடும். மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு நீர்விட்டுக் கிடக்குமே, அதேதான். கடல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்திலேயே துளியாகிவிடும். மீட்டர் அந்தத் தண்ணீரையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அரசின் காற்று அளக்கும் நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவி, காற்றை லேசாகச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் அளக்கும்.

அதற்காக முழுக்கத் தண்ணீர் என்று தள்ளிவிடாதீர்கள். குளிர்ந்த இரவில் தரையோரக் காற்று மேலே எழும்பாது, புகை அங்கேயே தேங்கும். இரண்டும் கலந்த எண் அது. பக்கத்தில் ஒரு ஈரப்பத மீட்டர் வையுங்கள். 75-ஐத் தாண்டிய நேரத்து எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பெரம்பூரிலிருந்து: போகி அன்று 500-க்கு மேல் காட்டியது. அதுவும் ஈரம்தானா?

இல்லை. முந்தைய விடிகாலையும் அதே பனி, அதே ஈரம்தானே? கூடியது புகை. புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சின்னது, லேசருக்கு நன்றாகத் தெரியும். அன்று காலை குழந்தைகளை வெளியே விடாதீர்கள்.

குவைத்திலிருந்து: அண்ணா, புழுதிக் காற்றில் எதிர்க் கட்டடமே தெரியவில்லை. மீட்டரில் பிஎம் 10 வெறும் 120. எப்படி?

எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம் இது. ஒரே எடைக்கு, பெரிய துகள் சின்னதைவிடக் குறைவாகத்தான் ஒளியைச் சிதறடிக்கும். அதோடு கனமானது. குட்டி ஃபேன் இழுக்கும் வளைவான வழியில் திரும்பாமல் ஓரத்திலேயே படிந்துவிடும். விலை குறைந்த மீட்டர்கள் பல, பிஎம் 10-ஐ நேராகப் பார்ப்பதே இல்லை. நுண்துகளைப் பார்த்து ஊகிக்கின்றன. எங்கள் தெருவில் சாலை தோண்டிய வாரம், மீட்டர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்தேன். சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம் போலப் புழுதி. மீட்டர் 40-ஐத் தாண்டவில்லை. புழுதி நாளில் அந்த எண்ணைப் பார்த்து ஜன்னலைத் திறக்காதீர்கள் தம்பி. கண்ணை நம்புங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: நல்ல மழை பெய்தும் பிஎம் 2.5 பெரிதாக இறங்கவில்லையே?

மழைத்துளி பெரிய தூசியை மோதி இழுத்துக்கொண்டு போகும். மிகச் சின்னவை அலைந்து திரிந்து தாமே துளியில் ஒட்டும். 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவைதான் துளியைச் சுற்றி வழியும் காற்றோடு நழுவிவிடும். பல நாள் எண்ணை இறக்குவது, மழையோடு வரும் காற்று.

கோவையிலிருந்து: மீட்டரில் 35. ஒரு செயலி 58 என்கிறது, இன்னொன்று 99. எது சரி?

மூன்றும் சரி. 35 என்பது ஒரு கனமீட்டரில் உள்ள மைக்ரோகிராம். அதை இந்தியாவின் காற்றுத் தரக் குறியீட்டுக்கு (ஏக்யூஐ) மாற்றினால் 58, அமெரிக்கக் குறியீட்டுக்கு மாற்றினால் 99. ஒப்பிடும்போது மைக்ரோகிராமையே பாருங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு இந்திய வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

வேளச்சேரியிலிருந்து: புது மீட்டரைச் சரிபார்ப்பது எப்படி?

உங்கள் பகுதியிலேயே அரசு நிலையம் இருக்கிறது. ஆலந்தூர், மணலியிலும் உண்டு. அதன் மணிவாரி எண்களோடு இரண்டு வாரம் ஒப்பிட்டு எழுதுங்கள், ஈரமான நாளையும் காய்ந்த நாளையும் தனித்தனியாக. அப்புறம், மாதம் ஒருமுறை காற்று நுழையும் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். என் மீட்டர் ஒன்று நாலு நாள் 900-இலேயே நின்றது. திறந்தால், லேசர் பாதையில் ஒரு சிலந்தி நூல்.