‘க்வைட் குட்’ பாராட்டா?

அன்புள்ள ஐயா,

லண்டனில் எட்டு மாதமாக வேலை. என் அறிக்கையைப் படித்த மேலாளர் ‘க்வைட் குட்’ என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரரோ, ‘அது அவ்வளவு பெரிய பாராட்டு இல்லை’ என்கிறார். அகராதியில் ‘முற்றிலும்’ என்றும் இருக்கிறது, ‘ஓரளவு’ என்றும் இருக்கிறது. எதை நம்புவது? ப்ரிட்டி, டெட், வே எல்லாம் எங்கே சொல்லலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி சொல்லும் இரண்டும் சரி. எது என்பதைப் பின்னால் வரும் சொல்தான் முடிவுசெய்கிறது. குட், டயர்ட் போலக் கூடவோ குறையவோ செய்கிற குணங்களுக்கு முன்னால் பிரிட்டனில் க்வைட் என்றால் ‘பரவாயில்லை’. அப்படி ஏற்ற இறக்கம் இல்லாத சொல்லோடு சேர்ந்தால் ‘முற்றிலும்’. ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால் நடக்கவே நடக்காது. அமெரிக்கர் வாயில் ‘க்வைட் குட்’ ஏறக்குறைய ‘வெரி குட்’தான்.

இதைவிட முக்கியம் குரல். அழுத்தம் ‘குட்’டில் விழுந்தால் மனதாரச் சொல்கிறார். ‘க்வைட்’டில் விழுந்து ‘குட்’ இழுபட்டால், அடுத்து ஒரு ‘பட்’ வரப்போகிறது. ‘ப்ரிட்டி குட்’டும் அப்படியே. உங்கள் மேலாளர் எதை அழுத்தினார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

நம்மவர் தடுமாறுவதற்குக் காரணம் ‘ரொம்ப’. ரொம்ப நல்லது, ரொம்பப் பிடிக்கும், ரொம்பச் சூடு என எங்கும் அது பொருந்தும். வெரி அப்படிப் பொருந்தாது. ‘ஐ வெரி லைக்’ தவறு. ‘ஐ ரியலி லைக்’. ‘வெரி பெட்டர்’ தவறு. ‘மச் பெட்டர்’, நண்பர்களிடம் ‘வே பெட்டர்’. ‘வெரி எக்ஸலன்ட்’ காதில் இடறும். ‘அப்சல்யூட்லி எக்ஸலன்ட்’ இடறாது. ‘டூ’ என்றால் அளவுக்கு மீறியது. விருந்துக்கு அழைத்தவரிடம் ‘டூ ஸ்பைசி’ என்று பாராட்டினால், காரம் தாங்கவில்லை என்றுதான் அவர் காதில் விழும்.

‘டெட் ஈஸி’ (ரொம்ப எளிது), ‘டெட் ரைட்’ (முற்றிலும் சரி) பிரிட்டனில் தோழமைப் பேச்சு. அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம். பாஸ்டன் பக்கத்து ‘விக்கிட்’, வட கலிஃபோர்னியாவின் ‘ஹெல்லா’ இரண்டும் ‘ரொம்ப’ என்பதற்கு ஊர் வாசனையோடு சொல்பவை. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

இந்தச் சொற்கள் தேய்ந்துகொண்டே இருக்கும். வெரி என்பதே பழைய பிரெஞ்சில் ‘மெய்யான’ என்ற சொல். நம் ‘மெய்யாலுமே’ போல. ‘டெரிப்ளி நைஸ்’ என்பதும் நாம் ‘பயங்கரமா நல்லா இருக்கு’ என்கிற அதே போக்குதான். அச்சம் போய் அளவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அறிக்கை விஷயத்தில், ‘எந்தப் பகுதியை மாற்றலாம்?’ என்று மேலாளரிடமே கேளுங்கள். ‘க்வைட்’டில் அழுத்தியிருந்தால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்.