சுடலாம் என்ற பட்டியலும் சதுப்பில் கிடக்கும் ஈயமும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் ஸ்லிம்பிரிட்ஜ் நீர்ப்பறவைக் காப்பகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, பிரிஸ்டலில் படிக்கும் என் அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. அங்கே செப்டம்பர் முதல் ஜனவரி முடிய காட்டு வாத்துகளைச் சட்டப்படியே சுடலாமாம். அதே சதுப்பில் நிற்கும் அன்னத்தைச் சுட்டால் ஆறு மாதம் வரை சிறையாம். ஒரே தண்ணீரில் நீந்தும் பறவைகளில் ஒன்று இரை, இன்னொன்று பொக்கிஷமா? பறவைகளை நேசிக்கும் நாடு என்று அதை எப்படி எழுதினீர்கள்?

இரா.,
விருதுநகர்

அன்புள்ள இரா.,

உங்கள் அக்கா மகன் சொன்னது சரிதான். 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு, விதிவிலக்காகச் சுடலாம் என்று ஒரு சிறு பட்டியல் வைத்திருக்கிறது. நம் கோடியக்கரைக்கு வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நாமக்கோழி, தாழைக்கோழி, உள்ளான் கூட உண்டு. இங்கிலாந்தின் கடலோரத்தில், அலையேறும் எல்லைக்குக் கீழே பிப்ரவரி 20 வரை வாத்து சுடலாம். கூடவே கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. சுட்ட காட்டுப் பெருவாத்தை (ஆங்கிலத்தில் கூஸ்) விற்க முடியாது. கடும் உறைபனி தொடர்ந்து நீடித்தால், பறவைகள் பட்டினியில் தளர்ந்திருக்கும் என்பதால் நீர்ப்பறவை வேட்டையையே அரசு நிறுத்திவைக்கும்.

இந்தப் பட்டியல் உங்களைக் கோபப்படுத்துகிறது. எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

ஸ்லிம்பிரிட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1946இல் தொடங்கிய பீட்டர் ஸ்காட், தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன கேப்டன் ஸ்காட்டின் மகன். இளமையில் அவர் தீவிரமான வேட்டைக்காரர். தட்டைப் படகில் பெரிய துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு, விடியலுக்கு முன் சேற்றுநீரில் ஊர்ந்துபோய்ப் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டவர். வாத்துகளை அவ்வளவு நெருக்கமாக அறிந்ததே அப்படித்தான். பிறகு துப்பாக்கியைக் கைவிட்டார். செவர்ன் ஆற்றங்கரையில் அவர் தேர்ந்தெடுத்த நிலமோ பெர்க்லி குடும்பத்துக்குச் சொந்தம். தங்கள் வேட்டைக்காக அவர்கள் அந்த நிலத்தை மற்றவர் தொந்தரவு இல்லாமல் வைத்திருந்தார்கள். பெருவாத்துகள் அங்கே குளிர்காலம் தோறும் வந்து இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். வேட்டைக்காரனை விலக்கிவிட்டு அந்தக் காப்பகத்தின் கதையைச் சொல்ல முடியாது. இன்றும் கரையோர வேட்டை மன்றங்கள் பல சதுப்புகளை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் பராமரிக்கின்றன. அவர்கள் இல்லாவிட்டால் அவற்றில் சில எப்போதோ வடிகால் வெட்டி வயலாகியிருக்கும்.

பறவைக்கு முதலில் தண்ணீர் வேண்டும். ஆவோசெட் என்று மேல்நோக்கி வளைந்த அலகுள்ள கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று, 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் கூடு கட்டுவதை நிறுத்திவிட்டது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை இறங்கிவிடக் கூடாதென்று சஃபோக் கடற்கரை நிலங்களில் தண்ணீரைத் தேக்கினார்கள். 1947இல் ஆவோசெட் தானாகத் திரும்பி வந்து அங்கே முட்டையிட்டது. யாரும் அழைக்கவில்லை, தண்ணீர் நின்றது, அவ்வளவுதான்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். வேட்டைத் தோட்டா ஒன்றில் நூற்றுக்கணக்கான சின்ன ஈய ரவைகள் இருக்கும். பறவையின் உடலில் படுபவை சில. மற்றதெல்லாம் தண்ணீரிலும் சேற்றிலும் போய் விழும், பல்லாண்டு அங்கேயே கிடக்கும். வாத்துக்கும் அன்னத்துக்கும் பல் கிடையாது. விதையையும் வேரையும் அரைக்க அவை சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்கின்றன. சேற்றில் அலகால் துழாவும்போது கல் எது, ஈயம் எது என்று அவற்றுக்குத் தெரியாது. உள்ளே போன ரவை கற்களோடு உராய்ந்து தேய்கிறது, வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. குடல் செயலிழக்கிறது, சிறகு தொங்குகிறது, தலை நிமிர மறுக்கிறது. தின்றது செரிக்காமல் பறவை பட்டினியாகவே சாகிறது. ஒதுக்குப்புறமாகப் போய்ச் சாவதால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பிரிட்டனில் ஆண்டுக்கு 50,000 முதல் 1,00,000 வரை நீர்ப்பறவைகள் இப்படி இறக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஆக, நீங்கள் கேட்ட அந்தப் பட்டியலின் கோடு சேற்றில் அழிந்துவிடுகிறது. ஊசிவால் வாத்தைச் சுடலாம், அன்னத்தைச் சுடக் கூடாது. ஆனால் வாத்தைக் குறிவைத்துத் தவறிய ரவையை அன்னம் தின்கிறது. ரஷ்யாவின் ஆர்க்டிக் சமவெளியிலிருந்து ஸ்லிம்பிரிட்ஜுக்கு வரும் பெவிக் அன்னங்கள் வழியிலுள்ள எல்லா நாடுகளிலும் பாதுகாக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் வேறு வேறு விதமாகப் பரவியிருப்பதைக் கண்டு, 1964 முதல் ஸ்காட்டின் குடும்பம் அவற்றைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்து பெயர் வைத்து வந்தது. அந்த அன்னங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்றின் உடலிலாவது ரவைகள் பதிந்திருந்தன. இவை தின்றவை அல்ல, சுடப்பட்டவை. சுடுபவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஊசிவால் வாத்தும் போச்சார்டும்தான் மற்ற வாத்துகளைவிட அதிக ஈயத்தை விழுங்குகின்றன.

இங்கிலாந்தில் 1999இல் ஒரு தடை வந்தது. வாத்து, பெருவாத்து, நாமக்கோழி போன்றவற்றைச் சுடவும், கடல் அலை வந்துபோகும் கரைகளிலும் ஈயம் கூடாது. சதுப்பை ஒட்டிய சாதாரண வயலில் ஃபெசன்ட் கோழியைச் சுட ஈயம் போடலாம்! தடையின் பெரும்பகுதியைப் பறவையின் பெயரை வைத்து எழுதியதால் வந்த வினை இது. அந்தத் தடையையும் மதித்தார்களா? 2013-14 குளிர்காலத்தில் கடைகளில் வாங்கிச் சோதித்த வாத்துகளில் பத்தில் ஏழுக்கு மேல் சட்டவிரோதமாக ஈயத்தால் சுடப்பட்டவை. 2020இல் வேட்டை, நாட்டுப்புற அமைப்புகள் ஒன்பது சேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் தாங்களாகவே ஈயத்தை விட்டுவிடுவோம் என்று வாக்களித்தன. அதன்பின் ஆய்வாளர்கள் பருவம் தோறும் ஃபெசன்ட்களை வாங்கிச் சோதித்தார்கள், ரவை கிடைத்தவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் ஈயம்தான். வாக்குக் கொடுத்தவர்களில் நேர்மையானவர்கள் இருந்திருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொள்வதால் மட்டும் இது நடக்காது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டென்மார்க் 1996இலேயே ஈய ரவையை முழுவதுமாகத் தடை செய்தது. அங்கே வேட்டை ஒழிந்துவிடவில்லை, இரும்பு ரவைக்கு மாறிவிட்டார்கள். நெதர்லாந்து அதற்கும் முன்பே, 1993இல். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2023 பிப்ரவரி முதல் சதுப்புகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயம் கூடாது. இது பறவையின் பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பிடிக்கும் சட்டம், எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பிரிட்டன் அரசு 2025 ஜூலையில்தான் ஈயத் தோட்டாக்களைப் பெருமளவு தடைசெய்யப் போவதாக அறிவித்தது, அதற்கும் மூன்றாண்டு அவகாசத்தோடு. மாற்று ரவை கடையில் கிடைக்கும்போது இத்தனை பொறுமை தேவையில்லை என்பது என் அழுத்தமான கருத்து.

ஆகவே, அவர்கள் பறவைகளை நேசிப்பவர்கள் என்று எழுதியதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உங்கள் அக்கா மகனை ஜனவரியில் ஒருநாள் ஸ்லிம்பிரிட்ஜ் போய்வரச் சொல்லுங்கள், பிரிஸ்டலிலிருந்து பக்கம்தான். அப்புறம், கரையில் துப்பாக்கியோடு யாரையாவது பார்த்தால், ஏன் சுடுகிறாய் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தோட்டாவுக்குள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கட்டும். கிடைக்கும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.