நெகட்டிவ் ஸ்கேனர்: பழையதை வாங்கலாமா?

கேள்வி: அப்பா 1980களில் எடுத்த 35 மி.மீ. கலர் நெகட்டிவ்களில் சுமார் 600 படங்கள் உள்ளன. தாத்தாவின் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் (35 மி.மீ.யைவிட அகலமான ‘120’ ரக ஃபிலிம்) கொஞ்சம் இருக்கின்றன. கெரோசல் இணையச் சந்தையில் எப்சன் வி600, நிக்கான் கூல்ஸ்கேன் இரண்டும் விலைக்கு இருக்கின்றன. எதை வாங்குவது, நேரில் போனால் எதைப் பார்ப்பது?
– ஈசூன் வாசகி

பதில்: விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) நம்பாதீர்கள். வி600 உண்மையில் பிரித்துக் காட்டுவது 1600 அளவில்தான். 36 x 24 மி.மீ. படத்துக்கு அது ஏறக்குறைய 2270 x 1510 புள்ளிகள். 5 x 7 அங்குலப் பிரிண்டுக்குப் போதும். சுவரில் மாட்டப் பெரிதாக்கினால் பல்லிளித்துவிடும். 120இல் 6 x 6 செ.மீ. படத்துக்குப் பக்கத்துக்கு 3500 புள்ளி கிடைப்பதால் அங்கே குறையே தெரியாது.

கூல்ஸ்கேன் 5, 5000 இரண்டும் 4000 டிபிஐ. கூர்மையில் வி600 கிட்டே நிற்காது. ஆனால் 120 அதில் நுழையாது. 120ஐ ஏற்கும் 8000, 9000 மாடல்களுக்கு ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அது கிடையாது. நிக்கானின் மென்பொருளும் பழசாகிவிட்டது, வியூஸ்கேன் என்ற வேறு ஸ்கேனர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவேண்டிவரும். நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளிருக்கும் கண்ணாடியில் மங்கல் படிந்திருக்கலாம்: கறுப்புப் பகுதியை ஒட்டிய வெள்ளை, புகைபோல வழிந்தால் அதுதான் காரணம். பிரித்துத் துடைக்கத் துணிவில்லாதவர் விட்டுவிடுவது நல்லது.

ஆகவே உங்களுக்கு வி600. ஃபிலிமைப் பிடித்துவைக்கும் சட்டங்களான ஃபிலிம் ஹோல்டர்கள் இரண்டும் (35 மி.மீ., 120) இல்லாமல் வாங்காதீர்கள். ஃபிலிமை நேரே கண்ணாடியில் வைத்தால் நியூட்டன் வளையங்கள் (வானவில் போன்ற வட்டக் கறைகள்) விழும், ஃபோகஸும் தப்பும். போகும்போது ஒரு துண்டு நெகட்டிவைக் கையோடு கொண்டுபோய், மூடிக்குள் ஃபிலிம் விளக்கை மறைத்திருக்கும் வெள்ளைப் பலகையைக் கழற்றிவிட்டு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதைக் கழற்றாமல் "ஃபிலிம் லைட் வேலை செய்யவில்லை" என்று மலிவாகத் தள்ளிவிடுபவர்களும் உண்டு, உங்களுக்கு லாபம்! படத்தில் மேலிருந்து கீழே நேர்கோடு ஓடினால், ஹோல்டரின் தலைப்பக்கத்துத் திறப்புக்கு நேரே கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்வது அந்த இடத்தில்தான். துடைத்தும் கோடு போகவில்லையென்றால் கோளாறு உள்ளே.

ஒரு தடவைக்கு 12 படம் அடங்கும். 600 படத்துக்கு 50 தடவை மாற்றவேண்டும். 35 மி.மீ.க்கு 2400 டிபிஐ வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் நேரமும் ஹார்ட் டிஸ்க்கும்தான் வீண்.

கேள்வி: கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்தால் முகங்களின் விளிம்பெல்லாம் அரித்தாற்போல் வருகிறது. ஸ்கேனர் பழுதா?
– பிடோக் வாசகர்

பதில்: பழுதில்லை. தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைத் தேடுகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறைப்பதால், படத்தையே தூசியென்று அழிக்கப் பார்க்கிறது. கலர் முறையில் கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.